ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் அக்காவின் கணவருக்கு அறுபத்தொன்பது வயது. அதில் முப்பத்தோரு வருடத்தை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே கழித்தவர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எங்கள் கார்களில் அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறிப்போய் மிதிக்கக் கூடாததை மிதித்தால், மாமா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். ஊரில் பாதிப் பேர் அந்த ஒரு காலை நம்பித்தான் ரோட்டுக்கே வந்தார்கள். அதில் நானும் ஒருவன்.

ஸ்கூல் என் பெயரில் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரே அறை, ஒரு மேசை, சாலைச் சின்னங்கள் அச்சடித்த அட்டை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சாவிகள் தொங்கும் பலகை, இரண்டு கார். சுவரில் வாரத்து நேர அட்டவணை. எந்த நாள், எத்தனை மணி, யாருக்கு எந்த வண்டி என்று நான் பென்சிலில் எழுதுவேன். திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம். நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று மாமா சொல்வார். வண்டியைத் தொடாமல் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரே ஆள் என் மாப்ளே என்று வருகிறவர்களிடமெல்லாம் அறிமுகம் வேறு.

அவருடைய வாய்க்காகவே ஆள் வந்தார்கள். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தால், "அம்மா, அது எங்கேயும் ஓடிப்போகாது, கொஞ்சம் விடுங்க" என்பார். கியரை இழுத்தால், "மாத்தச் சொன்னேன் தம்பி, பிடுங்கச் சொல்லல" என்பார். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். லைசென்ஸ் கிடைத்ததும் முதலில் அவரிடம்தான் காட்ட வருவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் கண் மூட முடியும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். இதயம் பலவீனமாகிவிட்டது, தள்ள வேண்டிய ரத்தத்தை முழுசாகத் தள்ள முடியவில்லை, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார். அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். உப்பு பாதி. குடிக்கிற தண்ணீருக்கு அளவு. காலையில் எழுந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே ஓடி வர வேண்டும். மாத்திரை மொத்தம் ஏழு. அதில் சின்னதாக, வெள்ளையாக, நடுவில் கோடு போட்டது ஒன்று. தேங்கின நீரைச் சிறுநீராக இறக்குவது அது. அக்கா அதற்கு நீர் மாத்திரை என்று பேர் வைத்தாள்.

அவர் தேறினார். டாக்டரம்மாவே வேலைக்குப் போகலாம் என்றார், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும். நானும் காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். கண்டம் தாண்டியாச்சு என்று நினைத்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மாமா ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். வகுப்பு முடியும்போது, "இப்ப ஆபீசுக்குத் திரும்பணும். நான் வழி சொல்ல மாட்டேன். எங்க திரும்பணும்னு நீங்களே சொல்லிக்கிட்டு ஓட்டுங்க" என்பார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தன்னம்பிக்கைப் பயிற்சி என்று பேர் கொடுத்து வாசல் பலகையில் கூட எழுதிவைத்தேன். நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்களிடம் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டின பிறகு கார் ஓட்டியே தீருவேன் என்று வந்தவர். ஒருநாள் வகுப்பு முடிந்து மாமா கை கழுவப் போனதும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு ரவுண்டானாவை மூணு தடவை சுத்தினோம்."

"பிராக்டீஸுக்கா இருக்கும்மா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். மூணாவது தடவை அவரே கேட்டார், இது எந்த இடம்னு. நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல சார்."

"அவரு எப்பவும் அப்படித்தான், சோதிச்சுப் பார்ப்பாரு" என்று மழுப்பினேன். டீச்சரம்மா போகவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"அதோட, என்னைத் திட்டவே மாட்டேங்கறார் சார். எல்லாரும் சொல்லித்தான் இங்க சேர்ந்தேன். ரெண்டு மாசத்துல ஒரு திட்டு கிடைக்கல."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. அவர் கடைசியாக என்னை எப்போது கேலி செய்தார் என்று யோசித்தேன். ஞாபகம் இல்லை. தாடியை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் எடுக்கிறார். ஆபீசுக்கு வந்தால் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷூவின் கயிற்றைக் கட்டுவதில்லை. இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. வயசாகிறது, களைப்பு என்று நானே நினைத்து நானே திருப்திப்பட்டுக்கொண்டேன்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதை ஒளிக்க மாட்டேன். அன்றே அவரை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த சீட்டையும் பிடுங்கிவிட்டால் மனிதர் எதற்காக எழுந்திருப்பார்? காலை வகுப்பு இருப்பதால்தான் குளித்துக் கிளம்பி வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. பிடுங்காமல் விட்டாலோ, ரோட்டில் யாராவது சாகலாம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பத்து நாள் ஓட்டினேன். பதினோராவது நாள், பின் சீட்டில் ஏதோ சத்தம் வருகிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லி டீச்சரம்மாவின் வகுப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

காலை பத்து மணி. வெயில் அடித்தது. ரோட்டில் கூட்டம் அதிகம் இல்லை. டீச்சரம்மா நன்றாகவே ஓட்டினார். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போக இவர் வேகத்தைக் கூட்டினார். அந்த நேரம் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு பெண் குடையை விரித்துக்கொண்டே ரோட்டில் கால் வைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

டீச்சரம்மா உறைந்துபோனார். கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. இது புதிதாகக் கற்கிற எல்லாருக்கும் நடக்கும். அதற்குத்தான் பக்கத்தில் இன்னொரு பிரேக். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. மிதிக்கவில்லை.

நான் போட்ட கத்தலில் டீச்சரம்மாதான் மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண்ணுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம். அவள் குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பானெட்டில் ஓங்கி அடித்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மாமாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. டீச்சரம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். டீச்சரம்மாவை அனுப்பிவிட்டு, "மாமா, என்ன ஆச்சு? பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்டா. குடை பச்சைக் கலர். மிதிக்கணும்னும் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"கால் வரல." கொஞ்சம் யோசித்தார். "சொல்றது ஒருத்தன், செய்யறது ஒருத்தன் மாதிரி இருக்கு. நான் சொல்லி அவன் கேக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிடுது."

சாவியைப் பலகையில் மாட்டாமல் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். அவரை ஏற்றிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கதையைக் கேட்டுவிட்டு முதலில் என்னைத்தான் ஒரு பிடி பிடித்தாள். பத்து நாளாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னடா பண்ணினாய் என்றாள். அப்புறம் டாக்டருக்குப் போன் செய்ய மருந்துச் சீட்டைத் தேடி, மாமா வகுப்புக்கு எடுத்துப்போகும் பையைக் கவிழ்த்தாள். மிட்டாய் டப்பா ஒன்று விழுந்தது. ஆட்டினால் சத்தம் கேட்டது. மாமாவுக்கு இனிப்பு சாப்பிடுகிற பழக்கமே கிடையாது. அக்கா அதைத் திறந்து சாப்பாட்டு மேசை மேல் கொட்டினாள். உள்ளே இருந்தது பூராவும் நீர் மாத்திரை. நடுவில் கோடு போட்ட சின்ன வெள்ளை மாத்திரை.

தினமும் ஏழு மாத்திரையையும் அவர் உள்ளங்கையில் கொட்டுகிறவள் அவள்தான். கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள். அந்த நேரத்தில் ஆறு மட்டும் உள்ளே போயிருக்கிறது. அவள் இரண்டிரண்டாகத் தள்ளி வாய்விட்டு எண்ணினாள். நாற்பத்திரண்டு.

"எல்லாம் புது மாத்திரை" என்றாள். ஆறு வாரத்துக்கு முன்னால்தான் டாக்டரம்மா அளவைக் கூட்டிப் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார். "மறந்துட்டாருடா தம்பி. கையில குடுத்ததைக் கூட மறந்துட்டாரு. புத்தி போயிடுச்சுடா."

"மறக்கல." மாமா நாற்காலியிலிருந்தே சொன்னார். கோபம் வந்திருந்தது. "என்னைப் பைத்தியமாக்காதீங்க ரெண்டு பேரும். வேணும்னுதான் போடல."

"எதுக்குங்க?"

முதலில் சொல்ல மறுத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதைப் போட்டா அரை மணிக்கொரு தடவை போகணும். கிளாஸ் எடுக்கறப்ப எங்க போறது? ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கா வண்டியை நிறுத்தச் சொல்லவா? பழைய அளவுக்கே ஒருநாள் அடக்க முடியல. கத்துக்க வந்த தம்பி ஓட்டிக்கிட்டிருக்கான், நான் பக்கத்துல…" நிறுத்திக்கொண்டார். "பேன்ட் நனைஞ்சு போச்சு. தண்ணி பாட்டில் கொட்டிடுச்சுன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து கிளாஸ் இருக்கற நாள்ல போடறதில்ல."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறதி இல்லை! புத்தி போகவில்லை! ரவுண்டானாவும் பிரேக்கும் மாத்திரை விட்ட கோளாறு, போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம் உங்களுக்கு? முப்பத்தொன்பது வருஷமா உங்க துணியைத் துவைக்கறேன், எனக்குத் தெரியாத ரகசியமா?" என்றாள். மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், சாயங்கால வகுப்பை நிறுத்திவிடலாம், மற்றதை அடுத்த வாரச் செக்கப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று நாங்களே முடிவு செய்தோம். டாக்டருக்குப் போன் போகவே இல்லை. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீசில் உட்கார்ந்து அடுத்த வார அட்டவணையைப் போட்டேன். இரண்டு நாள் போகட்டும் என்று புதன்கிழமை காலைக் கட்டத்தில் மாமாவின் பேரை எழுதினேன். அதற்கு மேலே பழைய வாரங்களின் தாள்கள் கிளிப்பில் தொங்கின. அவருக்கு மொத்தம் எத்தனை நாள் வகுப்பு போட்டிருக்கிறேன் என்று சும்மா பார்த்தேன். வாரத்துக்கு ஆறு நாள். ஆறு வாரத்துக்கு முப்பத்தாறு.

அக்கா எண்ணினது நாற்பத்திரண்டு.

ஒருவேளை அவள் தப்பாக எண்ணியிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் இரண்டிரண்டாகத் தள்ளினபோது நானும் கூடவே எண்ணினேன். ஆறு மாத்திரை அதிகம். ஆறு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஆறு. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் கிடையாது. மாமா வீட்டை விட்டு நகர மாட்டார். கக்கூஸ் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

பென்சிலைக் கீழே வைத்தேன். நேற்று அவர் சொன்னது பொய் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அது பாதிதான். மீதியை அவரிடமே கேட்க வேண்டும். ஆபீசைப் பூட்டக் கூட மறந்து கிளம்பினேன். போகிற வழியெல்லாம், அவர் தனியாக இருக்கக் கூடாது, அக்கா வீட்டில் இருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். மாமா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷூ, சாக்ஸ் எதுவும் இல்லாத காலை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதம் பன் மாதிரி உப்பியிருந்தது. சாக்ஸின் விளிம்பு பட்ட இடம் பள்ளமாகத் தெரிந்தது. பக்கத்து ஸ்டூலில் எடை நோட்டு. எடுத்துப் புரட்டினேன். ஆறு வாரமும் ஒரே எண். எழுபத்தொன்றரை, எழுபத்தொன்றரை, எழுபத்தொன்றரை. எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, கிளாஸ் இருக்கற நாள் சரி. ஞாயித்துக்கிழமை ஏன் போடல?"

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. மாமாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"முதல்ல அதுக்காகத்தான் நிறுத்தினேன்" என்றார். "அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்கக்கா கையில கொட்டினா. போடலாம்னு எடுத்தேன். எதுக்குன்னு தோணுச்சு."

"மாமா…"

"வழி மறக்குது. ஆள் பேரு மறக்குது. கால் தெரியாம இருக்க வீட்டுலயும் சாக்ஸ் போட்டுக்கறேன். ராத்திரி உக்காந்துகிட்டே தூங்கறேன், டிவி பார்த்தேன்னு அவகிட்ட பொய் சொல்றேன். நாளைக்கு இதைவிட மோசமாகும். அதுக்கு இப்படியே தண்ணி ஏறி, ஒருநாள் தூக்கத்துல போயிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லன்னு நினைச்சேன். பயமே இல்லடா மாப்ளே. அதுதான் ஆச்சரியம். எதைப் பார்த்தும் ஒண்ணும் தோண மாட்டேங்குது."

முப்பத்தோரு வருடமாக எங்கள் எல்லாருடைய உயிருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதைச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. "யாருக்கும் தொந்தரவு இல்லையா? என் அக்காவுக்கு யார் பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

"அவகிட்ட சொல்லிடாதே. உன் கால்ல விழறேன்" என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். சொல்லாவிட்டால் அவர் இப்படியே கரைந்து போய்விடுவார். சொன்னால் அவர் என்னிடம் மறைக்காமல் சொன்ன ஒன்றையும் நான் காட்டிக்கொடுத்தவன் ஆவேன், இனி என்னை நம்பமாட்டார், இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வார். படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து நின்றேன். பத்து நாள் மழுப்பினவன், அன்றைக்கு மழுப்பவில்லை. அவள் பையைக் கீழே வைக்கும் முன்பே, மாமா கேட்கும்படியாகவே சொன்னேன்.

"அக்கா, மாமா மாத்திரையை மறந்து போய் நிறுத்தல, கிளாஸுக்காக மட்டும் நிறுத்தல. செத்துப் போயிடலாம்னு விட்டிருக்காரு."

அக்கா பையோடு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மாமாவை ஒருமுறை பார்த்தாள். போய் அவர் செருப்பைக் கொண்டுவந்து, குனிந்து, அந்த வீங்கின பாதத்தில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. என்னுடைய பெரிய செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

"எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். "என்னைத் தனியா விட்டுட்டுப் போற தைரியத்தை எல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம்."

அன்றே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். எடை எண்பதைத் தொட்டிருந்தது. ஊசி போட்டுப் போட்டு ஐந்து நாளில் எட்டு கிலோ தண்ணீரை இறக்கினார்கள். மூச்சு சரியானதும் டாக்டரம்மா ஒரு சோதனை வைத்தார். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். மாமாவுக்கு இரண்டுதான் வந்தது. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் போட்டார், எண்களை எழுதினார், முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து நேராகச் சொன்னார். "இதயம் சரியா தள்ளலைன்னா மூளையும் களைச்சுப் போகும். உடம்புல நீர் தேங்கினா இன்னும் குழம்பும். இவருக்கு மனச்சோர்வும் நல்லாவே இருக்கு. அது இருந்தாலே நினைவும் வேகமும் குறையும், மருந்து சாப்பிடவும் மனசு வராது. மருந்து சாப்பிடலைன்னா இதயம் இன்னும் கெடும். ஒண்ணு மத்ததைக் கீழ இழுக்குது. மூணையும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

"பழையபடி ஆயிடுவாரா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு என்னால இப்ப சொல்ல முடியாது. பொய் சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன்."

வீட்டுக்கு வந்த பிறகு நீர் மாத்திரை மத்தியானத்துக்கு மாறியது, டாக்டர் சொல்லி. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும் என்றார்கள். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் அம்மா அவரோடு தனியாகப் பேசினார். அக்கா தினமும் அவர் விழுங்குகிறவரை எதிரில் நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். எடையையும் அவளே எழுதினாள். நான் புதன்கிழமைக் கட்டத்தில் எழுதின பேரை அழித்தேன். இனி அந்த சீட் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போயிருந்தேன். "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை வாரக்கணக்கில் பயமுறுத்தியது. போன் அடித்து, அக்கா என்று திரையில் பேர் வந்தால் எடுக்கவே தைரியம் வராது. அவளும் ஜன்னல் பக்கம் அவர் போனால் கூடவே போவாள், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தாள்.

ஏழாவது வாரம் மறுபடி இதயத்தை ஸ்கேன் எடுக்கவும் நினைவுச் சோதனை வைக்கவும் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சு நிறைந்துவிட்டது. அக்கா சீட்டு பதிய வரிசையில் நின்றாள். நானும் மாமாவும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு முன்னால் இரண்டே பேர். மாமா எழுந்தார், உட்கார்ந்தார். ஸ்கேன் அறைக் கதவையே பார்த்தார். சட்டென்று என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது, வேர்த்திருந்தது.

"மாப்ளே, வீட்டுக்குப் போயிடலாமா?"

"ஏன் மாமா, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"பயமா இருக்குடா."

"எதுக்கு?"

"இதயத்தோட பலம் இன்னும் கீழ இறங்கியிருந்தா? உள்ள போனதும் இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டா?" என் கையை இன்னும் இறுக்கினார். "செத்துப் போயிடுவேனோன்னு இருக்குடா. உங்கக்கா தனியா என்ன பண்ணுவா?"

ஆறுதல் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்கேனில் என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. அவர் கையை அவர் மடியிலேயே வைத்து, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நடக்கத்தான் நினைத்தேன். ஓடினேன். வரிசையில் நின்ற அக்கா என் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த சீட்டைக் கசக்கிவிட்டாள்.

"என்னடா? என்னடா ஆச்சு அவருக்கு?"

"அக்கா, மாமாவுக்குப் பயம் வந்துடுச்சுக்கா. சாகப் பயமா இருக்காம்" என்றேன். அவள் அந்த வரிசையிலேயே, அத்தனை பேர் நடுவில், வாய்விட்டு அழுதாள்.